கப்பலில் நிலா தெரியுமா?

டிராவல் ஏஜென்ட்டாக இருந்து செத்தவர்களுக்குச் சொர்க்கத்தில் நேரடி அனுமதி உண்டு என்பது என் நம்பிக்கை, அங்கேயும் யாராவது பக்கத்தில் வந்து "ஜன்னல் சீட் கிடைக்குமா?" என்று கேட்பார்களோ என்பது என் சந்தேகம். கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து பிழைப்பு நடத்திய ஜென்மங்களே, அது பேங்க்கோ மருந்துக்கடையோ ரயில்வே ரிசர்வேஷனோ, இது உங்களுக்காக எழுதுவது. வெளிப்பக்கம் நின்றவர்களும் படிக்கலாம், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு.

என் பெயர் ஸ்டெல்லா. தூத்துக்குடிக்காரி. தொண்ணூறுகளில் ஹூஸ்டனில், ஹில்கிராஃப்ட் அவென்யூவில், ஒரு மளிகைக் கடைக்கும் ஒரு சேலைக் கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த ஏஜென்சியில் எனக்கு வேலை. எங்களுக்குச் சோறு போட்டதெல்லாம் மெட்ராஸ் டிக்கெட்தான். கோடை லீவு, கல்யாணம், யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை, இந்த மூன்றையும் வைத்து வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஏர்லைன்ஸ் வைத்த ஆப்பு

ஒரு நாள் ஏர்லைன்ஸ்காரர்கள் ஏஜென்ட் கமிஷனில் கை வைத்தார்கள். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் நறுக்கினார்கள். எங்கள் முதலாளி ரங்கநாதன் சார், மாம்பலத்து மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவரே ஒரு வாரம் காபி குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். கடையில் இருந்ததோ நானும் அவரும் இரண்டு மேஜையும்தான். நிலைமை இப்படியே போனால் எந்த மேஜை காலியாகும் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை.

அப்புறம் ஏதோ ஒரு டிராவல் கண்காட்சிக்குப் போய், பெட்டி நிறைய வழவழ புத்தகங்களோடு திரும்பினார். எல்லாம் சின்னக் கப்பல்கள். நார்வேக்கு வடக்கே, அன்டார்க்டிகா, ஐஸ்லாந்து என்று மனுஷன் எட்டிப் பார்க்காத இடத்துக்கெல்லாம் சொகுசாகக் கூட்டிக்கொண்டு போகிற கப்பல்கள். புத்தகத்தைத் திறந்தால் பனி, பனிக்குப் பின்னால் பனி. இதை ஹில்கிராஃப்டில் வெண்டைக்காய் வாங்க வருகிறவர்களிடம் எப்படி சார் விற்பது என்று கேட்டேன். அவர் என் ஜாதகத்தையே பார்த்துவிட்ட மாதிரி சொன்னார்: "நீ தூத்துக்குடி, ஸ்டெல்லா. கடல் பக்கத்து ஊர்க்காரி. கப்பல் உனக்குத் தானா வரும்."

இல்லாததெல்லாம் இருக்கிற கப்பல்

எனக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு, எங்கள் ஊர்த் துறைமுகத்தில் கையசைத்ததோடு சரி. ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. புத்தகத்தை வரி விடாமல் படித்து, வருகிற போகிறவர்களையெல்லாம் மடக்கிப் பேச ஆரம்பித்தேன்.

நாலு மணி நேரத் தூரத்தில் ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனியில் வேலை பார்க்கும் பிரபு என்று ஒரு பையன், புதுசாகக் கல்யாணம் ஆனவன், வார லீவுக்கு மனைவியோடு ஹூஸ்டன் வந்து மளிகை வாங்கின கையோடு எட்டிப் பார்த்தான். பிடித்துக்கொண்டேன். பெரிய கப்பலென்றால் ஆயிரக்கணக்கில் கூட்டம், இதில் நூறு பேர்கூடக் கிடையாது என்றேன். சந்தோஷப்பட்டான். கேசினோ உண்டா என்றான், இல்லை. ராத்திரி ஷோ? இல்லை. நீச்சல் குளம்? இல்லை. ராத்திரி பூரா பஃபே? அதுவும் இல்லை, ஆனால் பறவைகளைப் பற்றிச் சாயங்காலம் ஒரு புரொஃபசர் லெக்சர் கொடுப்பார் என்றேன். மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் புத்தகத்தை மரியாதையாக மூடி என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னான்: "இத்தனை இல்லைன்னு சொல்றதுக்கு இவ்வளவு கலர்ல புக் போட்டிருக்காங்களே, அதைப் பாராட்டணும் மேடம்."

ஒரே ஒரு கேள்வி

கடைசியில் என் வலையில் தானாக வந்து விழுந்தவர் டாக்டர் துரைசாமி. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். ஹூஸ்டனில் முப்பது வருஷமாக மயக்க மருந்து டாக்டர், அப்போதுதான் ரிட்டையர் ஆகியிருந்தார். உலகத்தையே தூங்க வைத்த மனுஷர் தான் மட்டும் சும்மா இருக்க மாட்டார். புத்தகத்தில் ஒரு பனிக்கரடிப் படத்தைப் பார்த்துவிட்டு, இதை நேரில் பார்க்காமல் சாகக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். அவர் ஒருத்தர் கிளம்பினதும் அவர் நண்பர்கள் வட்டாரமே கிளம்பிவிட்டது. ஏஜென்ட் குழு சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனால் ஏஜென்ட்டுக்கும் ஓசியில் ஒரு கட்டில் உண்டு என்பது கப்பல்காரர்கள் வழக்கம். ஸ்வால்பார்ட், நார்வேக்கும் வடக்கே இருக்கிற தீவுகள், ஜூன் மாதம். என் மேஜை பிழைத்தது.

டாக்டர் அங்கிள் பேசப் பேச, அவர் மனைவி மரகதம் ஆன்ட்டி பக்கத்தில் வாயே திறக்காமல் இருந்தார். விஷயம் என்னவென்றால், நாலு வருஷத்துக்கு முன் அங்கிளுக்கு நெஞ்சில் பெரிய ஆபரேஷன். ஐ.சி.யூ. வாசலில் நின்று ஆன்ட்டி பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டார்: மனுஷன் பிழைத்து வந்தால் தன் உயிர் இருக்கிறவரை மாசா மாசம் சங்கடஹர சதுர்த்தி விரதம் விடுவதில்லை என்று. பௌர்ணமி கழிந்த நாலாம் நாள். பகல் முழுக்கப் பட்டினி, ராத்திரி நிலா வந்ததும் கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பாடு. ஆன்ட்டிக்கோ சர்க்கரை வியாதி. அங்கிள் டாக்டராகக் கத்திப் பார்த்தார், புருஷனாகக் கெஞ்சிப் பார்த்தார். ஆன்ட்டி நாலு வருஷத்தில் ஒரு மாசம்கூடத் தவறவிட்டதில்லை.

நம் பயணத்துக்கு நடுவில் ஒரு சதுர்த்தி விழுகிறது, அதனால் ஒரே ஒரு கேள்வி என்றார் ஆன்ட்டி. கப்பலில் நிலா தெரியுமா? நான் சிரித்துவிட்டேன். கரையிலாவது மரம் மறைக்கும், மாடி வீடு மறைக்கும், நடுக்கடலில் என்ன இருக்கிறது மறைக்க, ஆகாசம் முழுக்க உங்களுக்குத்தான் என்று அள்ளி விட்டேன். விற்பனை வாய் அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா? ஆன்ட்டி முகம் தெளிந்துவிட்டது. "அது போதும் அம்மிணி. போட்டுரு டிக்கெட்டை."

ரவுண்ட் ராக்கிலிருந்து ஒரு போன்

டிக்கெட் போட்ட மறுநாளே போன். அவர்களுடைய ஒரே பெண் கவிதா. ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்தவள், மூன்று மணி நேரத் தூரத்து ரவுண்ட் ராக்கில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அப்பாவுக்கு இதய ஆபரேஷன், அம்மாவுக்கு சுகர், இவர்களை ஆஸ்பத்திரியே இல்லாத ஊருக்கு அனுப்புகிறீர்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று நாகரிகமான இங்கிலீஷில் கேட்டாள். கப்பலில் டாக்டர் உண்டு என்றேன். உங்கப்பாவே டாக்டர் என்றேன். அதுதான் பிராப்ளமே என்றாள்.

அப்புறம் குரல் இறங்கியது. அம்மா அங்கேயும் ஃபாஸ்ட்டிங் இருப்பாள், இந்த நிலா சமாச்சாரமே பைத்தியக்காரத்தனம், நான் சொன்னால் காது கொடுக்க மாட்டாள், நீங்களாவது சொல்லக்கூடாதா என்றாள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலும் சோறு கிடையாது, நான் எந்த வாயால் சொல்ல? அதைத்தான் அவளிடமும் சொன்னேன்.  கவிதா அலுத்துக்கொண்டே போனை வைத்தாள்: "ஓ காட், யூ ஆர் ஆல் த சேம், ஸ்டெல்லா ஆன்ட்டி."

நார்த்தங்காய் வைத்தியம்

கப்பல் ஏறின அன்று சாயங்காலமே கடல் குதிக்க ஆரம்பித்தது. முதல் ஆளாகப் படுத்தது யார் என்கிறீர்கள்? கடல் பக்கத்து ஊர்க்காரிதான். வாந்தி என்றால் அப்படி ஒரு வாந்தி. என் குழுவைப் பார்த்துக்கொள்ள வந்த என்னை என் குழு பார்த்துக்கொண்டது. மரகதம் ஆன்ட்டி தன் பெட்டியைத் திறந்து ஒரு உப்பு நார்த்தங்காய்த் துண்டை எடுத்து என் வாயில் அடைத்தார். அந்தப் பெட்டியில் துணி குறைவு. பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, புளிக்காய்ச்சல், ஒரு குட்டி ரைஸ் குக்கர். சொகுசுக் கப்பலில் ஏழு வகை சாப்பாடு போடுவான், இது எதற்கு ஆன்ட்டி என்று நான் ஹூஸ்டனில் கேட்டபோது, ஏழும் புடிக்கலைன்னா எட்டாவதுக்கு எங்க போறது என்று கேட்டவர்.

மறுநாள் ஆன்ட்டி சமையல் தலைவரிடம் போய் வெறும் சோறு கேட்டிருக்கிறார். அவர் பிலிப்பைன்ஸ்காரர், சோறு என்றதும் குஷியாகிவிட்டார். ஆன்ட்டி அதில் பருப்புப் பொடியும் நெய்யும் போட்டுப் பிசைந்து அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். அந்த மனிதர் வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கு மீனைச் சின்னக் கிடுக்கியால் அடுக்கி வைக்கிறவர். நின்றபடியே கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் மேஜைக்கு வந்து குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "டுமாரோ ஆல்சோ, ஆன்ட்டி. ப்ளீஸ்."

முழங்கையைப் பிடி

இந்த மாதிரிக் கப்பல் கரையில் போய் ஒட்டாது. நடுத் தண்ணீரில் நிற்கும். நாம் பக்கவாட்டுப் படியில் இறங்கி ரப்பர் படகுக்கு மாறி, அதிலிருந்து முழங்கால் தண்ணீரில் காலை வைத்துக் கரையேற வேண்டும். படகுக்காரர் கையை நீட்டுவார். உள்ளங்கையைப் பிடிக்கக்கூடாது, வழுக்கும். அவர் முழங்கைக்குக் கீழே நாம் பிடிக்க, நம் கையை அவர் பிடிக்க, கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டும். பயணத் தலைவி இங்கிரிட், நார்வேக்காரி, ஐம்பது வயசு, எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒருத்தரோடு ஒருத்தர் பிடித்துப் பழக வைத்தாள். நம் ஆட்களுக்கு இதுவே பெரிய பாடு. மாமனும் மச்சானும் ஒருவர் கையை ஒருவர் பிடிக்கத் தெரியாமல் கும்பிடு போட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஆன்ட்டி சேலைதான். உள்ளே கம்பளிக் கால்சட்டை, மேலே சுங்குடிச் சேலை, அதற்கு மேல் கப்பலில் கொடுத்த சிவப்புக் கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ். பிறத்தியான் கையைப் பிடிப்பதா என்று முதலில் தயங்கினார். படகிலிருந்த பையன் "மேடம்" என்று கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றான். ஆன்ட்டி பிடித்தார், பூப்போல இறங்கினார், கரையில் நின்று திரும்பிப் பார்த்தார். அங்கிள் பின்னால் தட்டுத் தடுமாறி, பூட்ஸுக்குள் தண்ணீர் போய், முனகிக்கொண்டே வந்தார். ஆன்ட்டி அவரைப் பார்த்து எல்லோர் காதிலும் விழக் கேட்டார்: "ஏனுங்க, இத்தனை வருசத்துல ஒரு தடவையாச்சும் இப்படிக் கையப் புடிச்சு எறக்கி விட்டுருக்கீங்களா?"

கரடி வந்த நாள்

சதுர்த்தி வந்தது. ஆன்ட்டி காலையில் குளித்து, கேபினில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, ஒரு டம்ளர் பாலோடு நிறுத்திக்கொண்டார். அங்கிள் மணிக்கொரு தரம் விரலில் குத்தி சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் ஜூனில் சூரியன் மறையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். புத்தகத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தது, அதைச் சொல்லித்தான் விற்றேன். பகல் வெளிச்சத்திலும் நிலா தெரியும்தானே, ஹூஸ்டனில் எத்தனை காலையில் பார்த்திருக்கிறோம் என்று நானும் தைரியமாக இருந்தேன்.

சாயங்காலம் பேச்சுவாக்கில் இங்கிரிட்டிடம், இன்றைக்கு நிலா எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவள் மாலுமிகளின் வானசாஸ்திரப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: நிலாவா, அது இப்போது இங்கே எழும்பவே எழும்பாது, இன்னும் மூன்று நாளாவது அடிவானத்துக்குக் கீழேதான் சுற்றும், கோடையில் சூரியன் மேலேயே நிற்கிற ஊரில் பௌர்ணமியை ஒட்டின நிலா கீழேயே நின்றுவிடும்.  மூன்று நாள். பிழைக்க வந்த வாயால் ஆகாசத்தையே விற்றுவிட்டு, சரக்கு வரவில்லை என்று எப்படிப் போய்ச் சொல்ல?

சொல்லத்தான் மேல்தளத்துக்குப் போனேன். ஆன்ட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு அடிவானத்தையே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை துழாவிக்கொண்டிருந்தார். உதடு வறண்டு கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கையை நீட்டினார். தூரத்தில் பனிக்கட்டி மேல் மஞ்சளாக ஒன்று அசைந்தது. பைனாகுலரும் கையுமாக மூன்று நாளாக நின்ற வெள்ளைக்காரர்கள் கண்ணில் படாதது, நிலா தேடின கண்ணில் பட்டுவிட்டது. பனிக்கரடி. கப்பலே மேல்தளத்துக்கு ஓடி வந்தது. அங்கிள் பார்த்தார், அவர் கண்ணில் தண்ணீர். யார் யாரோ வந்து ஆன்ட்டியின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். ஆன்ட்டி என்னைத் தனியாக இழுத்துக் கேட்டார்: "கரடி கெடக்குது அம்மிணி. நிலா எங்க?"

யார் கண்

சொன்னேன். என் வாழ்நாளில் எத்தனையோ ஃபிளைட் கேன்சல் ஆன செய்தியைச் சொல்லியிருக்கிறேன், இது மாதிரிக் கஷ்டப்பட்டதில்லை. ஆன்ட்டி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அப்படியா அம்மிணி, சரி, நிலா வரும்போது சாப்பிட்டுக்கறேன் என்று சொல்லிவிட்டுக் கேபினுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

அங்கிள் கொதித்துப் போனார். மூன்று நாள் பட்டினி கிடந்தால் சர்க்கரை என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? மேகம் மூடின நாளில் நேரத்தைப் பார்த்துக் கும்பிட்டுச் சாப்பிடுவது இல்லையா, அப்படி நினைத்துக்கொள் என்றார். மேகத்துக்குப் பின்னாடி நிலா வந்திருக்கும், இங்க வரவே இல்லையே, வராத சாமிக்கு எப்படிக் கற்பூரம் காட்டறது என்றார் ஆன்ட்டி. பொள்ளாச்சியில் இப்போது நிலா வந்திருக்கும் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அங்க நமக்காகப் பாத்தவங்க யாரு என்றார். அங்கிள் தானும் சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளினார். ஆன்ட்டி எழுந்து உட்கார்ந்து, நான் யாருக்காக இருக்கேன், நீங்க பட்டினி கெடந்தா எம் விரதம் என்னாகறது என்று அதட்டி, அவர் சாப்பிட்டு மாத்திரை போடுகிறவரை விடவில்லை. அழுதுகொண்டே ஒருவர் சூப் குடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இங்கிரிட் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். நான் விஷயத்தை இங்கிலீஷில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, ஐயோ பாவம் என்று முகத்தைச் சுளிக்கவும் இல்லை. அவள் குடும்பம் மீன்பிடிக்கிற குடும்பமாம். படகு எங்கேயாவது மாட்டிக்கொண்டால் கரையில் யாராவது ஒருத்தர் வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்வது அவர்கள் ஊர் வழக்கமாம். அவள் ஆன்ட்டியின் கட்டிலருகே குனிந்து, என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாள்: "நிலாவை உங்க கண்ணாலதான் பாக்கணுமா, இல்ல உங்க வீட்டு ஆள் யார் கண்ணு பாத்தாலும் சரியா?"

ரேடியோ ரூம்

 வீட்டுக்காகத்தானே விரதம், வீட்டுப் பிள்ளை பார்த்தால் பிள்ளையார் கோவிச்சுக்க மாட்டார் என்று கடைசியில் ஆன்ட்டி ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு சந்தேகம்: கவிதாவிடம் போய் யார் கேட்பது? இந்த விரதத்தைப் பற்றி அம்மாவும் பெண்ணும் பேசி நிறுத்தி வெகுநாள் ஆகிறதாம். பேசினாலே சண்டையாம். அங்கிள்தான் சேட்டிலைட் போனில் ஆபீஸில் இருந்த பெண்ணைப் பிடித்தார். அங்கே மத்தியானம். அவர் பேசினதில் பாதி எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் ஓகே டாட் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள் என்றார். முகத்தில் நம்பிக்கை இல்லை.

இங்கே விடிகாலை, அதாவது அதே வெயில். கவிதா இருக்கிற டெக்சாஸில் நிலா வருகிற நேரம். ரேடியோ ரூம் ஒரு குளியலறை அளவுதான் இருக்கும். ஆன்ட்டியை நாற்காலியில் உட்கார வைத்து நாங்கள் மூவரும் சுவரோடு ஒட்டி நின்றோம்.  அங்கிள் ஆன்ட்டியின் கையை எடுத்து, இங்கிரிட் பழக்கிவிட்ட மாதிரி முழங்கைக்குக் கீழே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆன்ட்டி அவரை ஒரு பார்வை பார்த்தார், விடவில்லை.

இங்கிரிட் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினாள். கரகரவென்று சத்தம், அதற்குள் கவிதாவின் குரல். அபார்ட்மென்ட் பார்க்கிங் லாட்டில் கார் மேல் ஏறி நிற்கிறாளாம், மரம் மறைக்கிறதாம், வெயிட் வெயிட் என்றாள். ஒரு வார்த்தை போய்ப் பதில் வருவதற்குள் எங்களுக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. அப்புறம், மா, இட்ஸ் ஹியர் என்றாள். ஆன்ட்டி லேசில் நம்பவில்லை. எப்படிக் கண்ணு இருக்குது சொல்லு என்றார். ஆரஞ்ச் கலர், பெருசா, ஒரு சைடு மட்டும் பிச்சு எடுத்த தோசை மாதிரி என்றாள் கவிதா. அதேதான், சதுர்த்தி நிலா அதேதான் என்று ஆன்ட்டி எங்களைப் பார்த்துச் சொன்னார், ஏதோ நாங்கள் மறுத்துப் பேசின மாதிரி. எனக்காகக் கும்புடு சாமி என்றார். சத்தமில்லை. கும்பிடத் தெரியாமல் நிற்கிறாளோ, சிரிக்கிறாளோ என்று நான் ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தேன்.

திரும்ப வந்த குரலில் இங்கிலீஷே இல்லை. தட்டுத் தடுமாறின தமிழ், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துக் கோர்த்த தமிழ். ஆன்ட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அங்கிள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வார்த்தை புரியாத இங்கிரிட்கூட மூக்கை உறிஞ்சினாள். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள். கவிதா சொன்னது இதுதான்: "கும்பிட்டேன் மா. அப்பா போன் பண்ணதிலேருந்து நானும் சாப்பிடல. இப்ப நீ சாப்பிடு, அப்புறம் நான் சாப்பிடறேன்."

கடலும் பனியும் கரடியும் கப்பல்காரன் பொறுப்பு, நிலா மட்டும் ஏஜென்ட் பொறுப்பு என்பதைத் தெரிந்துகொள்ள, மாதா கோயிலுக்குப் போகிற நான் வடதுருவத்துப் பக்கம் வரை போய்விட்டு வந்து, மேஜையில் கப்பல் புத்தகத்துக்கு மேலே ஒரு பஞ்சாங்கம் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.